நைனா கேட்ட ஒப்பாரி

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று சில பேர் கார்டு போட்டுக் கேட்டிருந்தீர்கள். 'உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?' என்று ஒருவர். 'எழுத விஷயம் தீர்ந்துபோச்சா?' என்று இன்னொருவர். இவருக்கு என் மேல் என்ன கோபமோ!

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விஷயமும் தீரவில்லை. என் நைனா இறந்துபோய்விட்டார். அதனால்தான் எழுதவில்லை.

பதறாதீர்கள்... கொஞ்ச நேரத்துக்குத்தான் இறந்திருந்தார். இதோ, நான் இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "காபியில சக்கரையே இல்ல" என்று என் மனைவி பிலோமினாவிடம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான்.

எங்கள் மாதா கோயில் பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் அஞ்சாம் கிளாஸ் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மணி என்று ஒன்றும் கிடையாது. ஒரு தண்டவாளத் துண்டை புங்க மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். இந்த ஐப்பசி மழையில் அந்தக் கிளை முறிந்து விழுந்தது. புதுக் கிளை முளைக்கும் வரை ஸ்கூலை நிறுத்தி வைக்க முடியுமா? 'கோயில் மணியையே அடிச்சுக்கோங்க' என்று சாமியார் சொல்லிவிட்டார்.

கோயில் மணியை அடிப்பவர் கோயில்பிள்ளை. பூசைக்கு ஒரு விதமாக அடிப்பார், கல்யாணத்துக்கு ஒரு விதமாக அடிப்பார். ஸ்கூலுக்கு என்றால் டாண் டாண் டாண் என்று மூச்சு விடாமல் அடித்துத் தள்ளுவார். சாவு மணி மட்டும் தனி. ஒரு அடி அடித்துவிட்டு, அந்தச் சத்தம் அடங்கும் வரை காத்திருந்து அடுத்த அடி. பொம்பிளை என்றால் சீக்கிரம் நின்றுவிடும். ஆம்பிளை என்றால் நீளும். ஏரிக்கு அந்தப் பக்கம் களை பிடுங்குகிறவள்கூட நிமிர்ந்து நின்று, 'ஆம்பள' என்று சொல்லி சிலுவை போட்டுக்கொள்வாள். லத்தீனில் இருந்த பூசை இப்போது தமிழுக்கு வந்துவிட்டது. மணிக்கு மட்டும் எந்த மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் புரிந்த பாஷை அது.

எல்லோருக்கும் என்றா சொன்னேன்? சிஸ்டர் பெனிட்டாவைத் தவிர.

சிஸ்டர் பெனிட்டா மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸிலேயே படித்து, அங்கே ஒரு கான்வென்ட் ஸ்கூலில் வேலை பார்த்தவர். அங்கே பட்டனை அழுத்தினால் மணி அடிக்கும். காலாண்டு லீவு முடிந்துதான் எங்கள் ஸ்கூலுக்கு மாற்றலாகி வந்தார். அவர் வந்த பிறகு எங்கள் பங்கில் ஒரு சாவும் விழவில்லை. 'ராசியான சிஸ்டர்' என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். பாருங்கள், எதில் போய் முடிந்தது!

நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின வாரம் ஸ்கூல் பிள்ளைகள் எல்லோரும் போய் கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்குவது எங்கள் வழக்கம். இந்த வருஷமும் ஒரு நாள் மத்தியானம் அதற்காகப் பிள்ளைகளைக் கூட்ட வேண்டியிருந்தது. கோயில்பிள்ளையோ மெழுகுவத்தி வாங்கத் திண்டிவனம் கிளம்பிக்கொண்டிருந்தார். கயிற்றை சிஸ்டர் கையில் கொடுத்து, "நிதானமா அடிங்க சிஸ்டர். கயிறு பழசு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்?

சிஸ்டர் நிதானமாகத்தான் அடித்தார். முதல் அடி அடித்தார். அது போய் ஊரை ஒட்டி நிற்கும் ராஜாகிரி மலையில் மோதி, திரும்பி வந்தது. மெட்ராஸில் ஏது மலை? ஏது எதிரொலி? சிஸ்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. எதிரொலி முழுசாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருந்து, அடுத்த அடி. மறுபடியும் காத்திருந்து, இன்னொரு அடி...

நிறுத்தவே இல்லை. ஆம்பிளைதான், சந்தேகமில்லை!

நான் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். போர்டில் இருந்த கை அப்படியே நின்றது. பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம். திரும்பினால், கிளாஸ் முழுக்க எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டிருக்கிறது. முதல் பெஞ்சில் ஒரு பெண் என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்துக் கேட்டது.

"சார்... உங்க நைனாவா சார்?"

அது அப்படிக் கேட்டதில் தப்பில்லை. நைனா டைபாய்டில் படுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்டோபர் ஜெபமாலை மாசம் ஆச்சே! மாதா சுரூபத்தைத் தினம் ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள். அந்த வீட்டில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எந்த வீட்டில் சொன்னாலும் கடைசியில், 'சவரிமுத்து அண்ணனுக்காக ஒரு மங்கள வார்த்தை மந்திரம்' என்று சேர்த்துக்கொண்டார்கள். நைனா சாகக் கிடக்கிறார் என்று பங்கு முழுக்கத் தெரியும். ஜுரம் விட்டு, ரெண்டு நாளாகக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடிக்கிறார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. குணமாகிறதெல்லாம் ஒரு சேதியா? யார் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்கிறார்கள்?

எனக்குத் தெரியுமே என்கிறீர்களா? தெரியும்தான். ஆனால் அந்த மணியைக் கேட்டால் உங்களுக்குத் தெரியும் நான் சொல்வது. காலையில் கஞ்சி குடித்த மனுஷன் மத்தியானம் போகக்கூடாதா? சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

ஓடும்போது என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த மூன்று வாரமும் தினம் சாயந்திரம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா கேட்கும் கேள்வியை.

"யாராச்சும் வந்தாங்களாடா?"

யாராச்சும் என்றால் யார்? ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆரஞ்சுப் பழம் குவிந்து கிடந்தது. அவர் கேட்ட 'யாராச்சும்' ஒரே ஒரு ஆள். என் லூர்து அத்தை. நைனாவின் ஒரே தங்கச்சி. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. கூப்பிடு தூரம்.

போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நைனா, தாத்தா-பாட்டி கல்லறையில் சிமெண்டில் சிலுவை வைத்தார். நல்ல காரியம். வைத்தவர் சும்மா இருந்தாரா? சிமெண்டு ஈரமாக இருக்கும்போது கொத்தனாரைக் கூப்பிட்டு, 'உபயம்: மகன் சவரிமுத்து' என்று பொறிக்கச் சொல்லிவிட்டார். மகள் பேர் இல்லை. வேண்டுமென்று விட்டாரா என்றால் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவத்தியோடு வந்த அத்தை அதைப் படித்தது. மூணாம் கிளாஸ் வரை படித்த அத்தை. "ஏன், நான் இன்னா குப்பையில கெடந்தேனா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டது. நைனாவும் சும்மா இல்லாமல், "சிலுவை வெச்சது நானு. உனக்கு வோணும்னா நீ ஒண்ணு வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். முடிந்தது கதை. அத்தை கல்லறைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மெழுகுவத்தி ஏற்றியது, நைனா இந்தப் பக்கம். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

நைனா படுத்தபோது நானே போய் அத்தையிடம் சொன்னேன். "அண்ணன் கூப்ட்டாரா?" என்று கேட்டது. "இல்ல அத்தை, நான்தான்..." என்று இழுத்தேன். "கூப்டட்டும், வர்றேன்" என்றது. இங்கே வந்து நைனாவிடம் சொன்னால், "வர்றவளுக்குக் கூப்பாடு எதுக்கு?" என்றார். இப்படி இரண்டு பேரும் ஏரிக்கு இரண்டு கரையில் முறுக்கிக்கொண்டு இருந்தால் நடுவில் நான் என்ன செய்வேன்? தங்கச்சியைப் பார்க்காமலேயே போய்விட்டாரே என்றுதான் ஓடும்போது எனக்கு அழுகை முட்டியது. சொல்ல வெட்கமில்லை, பஜாரில் அழுதுகொண்டே ஓடினேன்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. மணியைக் கேட்டு, 'யாரா இருக்கும்?' என்று பஜாரே தெருவில் நின்றுகொண்டிருந்தது. அழுதுகொண்டு ஓடும் என்னைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. 'சவரிமுத்துதான்!' என்று என் பின்னால் கிளம்பிவிட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கிறேன்... ஊரே வருகிறது! எனக்கும் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகம் தீர்ந்துபோனது. என்னைப் பார்த்து அவர்கள் நம்பினார்கள், அவர்களைப் பார்த்து நான் நம்பினேன். நாட்டில் பாதி வதந்தி இப்படித்தான் உண்டாகிறதோ என்னமோ!

ரேஷன் கடை க்யூ கலைந்து நான் பார்த்ததே இல்லை. மழைக்குக் கலையாது, வெயிலுக்குக் கலையாது. அன்றைக்குக் கலைந்தது. சலூனில் ஒரு கன்னத்தில் மட்டும் சோப்போடு உட்கார்ந்திருந்த ஒருவர் அப்படியே துண்டோடு எழுந்து வந்தார். சவப்பெட்டி செய்யும் ஆசாரி அளவுக்கோலோடு வந்தார். அவர் தொழில் அவருக்கு.

வீட்டு வாசலில் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டு ஓடி வருவதைப் பார்த்ததும் அவளும் ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"அய்யோ, யாருங்க போய்ட்டது?"

"என்னைக் கேக்கறியே... நைனா எங்கே?"

உள்ளே கயிற்றுக் கட்டிலில் நைனா சம்மணம் போட்டு உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல்.

"இன்னாடா, ஸ்கூலு அதுக்குள்ள வுட்டாச்சா? யாருக்குடா மணி அடிக்குது? ஆம்பள போல இருக்குது."

நான் போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். கஞ்சி இரண்டு பேர் மேலும் கொட்டியது. விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் என் நைனாவைக் கட்டிப் பிடித்ததில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏய், இன்னாடா இது... உடு உடு, ஜனங்க வர்றாங்க" என்றார்.

ஜனங்கள் வந்தேவிட்டார்கள். முதலில் நுழைந்தவர்கள் நைனாவைப் பார்த்து ஒரு நிமிஷம் பேயடித்த மாதிரி நின்றார்கள். அப்புறம் ஒரே சிரிப்பு. "அண்ணே, உனக்குதாண்ணே மணி அடிச்சாங்கோ!" நைனாவும் சிரித்தார். "அடிச்சவன் யாருடா? என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" ஆசாரி மட்டும் அளவுக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அப்போதுதான் தெருக்கோடியில் அந்தக் குரல் கேட்டது.

"என் கூடப் பொறந்த அண்ணாவே..."

நைனா கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்தார். லூர்து அத்தையின் குரல்! ஏரிக்கரையில் மணியைக் கேட்டு, கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறது. நான் வாசலுக்குப் பாய்ந்தேன். நைனா என் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"சும்மா இருடா. யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அவ இன்னா சொல்றான்னு கேப்போம்."

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதையெல்லாம் இரண்டு தடவை சொல்ல வேண்டுமா? அத்தனை பேரும் துண்டையும் முந்தானையையும் வாயில் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். தெருவிலிருந்து பார்த்தால் சத்தியமாக இழவு வீடுதான். நைனா கட்டிலை விட்டு மெள்ள இறங்கி, கதவுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

அத்தை தலைவிரி கோலமாக வந்து, வாசலிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அத்தையின் ஒப்பாரிக்கு ஒரு பேர் உண்டு. வெளியூருக்கெல்லாம் கூப்பிட்டு அனுப்புவார்கள்.

"ஏரி ஒடைச்சிக்கிட்ட ஐப்பசி மழையில
தோளு மேல தூக்கினு போய் ஸ்கூலுல வுட்டவனே...
தான் மாடு மேய்ச்சினு, தங்கச்சி கையில
சிலேட்டு குடுத்து அனுப்பிச்ச என் தெய்வமே..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நைனா மாடு மேய்த்ததால் படிக்கவில்லை என்று தெரியும். அத்தையைப் படிக்க வைப்பதற்காக மேய்த்தார் என்று தெரியாது. அவர் சொன்னதே இல்லை. அந்த மூணாம் கிளாஸும் நான் இன்று வேலை பார்க்கும் இதே ஸ்கூல்தான்.

"கல்லுல பேரு இல்லேன்னு கண்டபடி பேசினேனே...
நெஞ்சுல பேரு இருந்தத நெனைக்காம போனேனே...
கூப்டட்டும்னு குந்தினு இருந்தேனே பாவி நானு...
கூப்ட முடியாத தொலைவுக்கு நீ போய்ட்டியே அண்ணாவே..."

துண்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் இப்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்கள். அரைக் கன்னம் சோப்புக்காரர் தேம்பினார். கதவுக்குப் பின்னால் நைனாவைப் பார்த்தேன். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். போதும், எழுந்து போங்களேன் என்று ஜாடை காட்டினேன். கையை ஆட்டிவிட்டார். அத்தை விடவில்லை.

"கண்ணாலச் சீருன்னு காதோரம் சொல்லிட்டு
கறுப்பாடு ரெண்டு ஓட்டியாந்து கட்டினியே..."

"ரெண்டு இல்லடி, மூணு!"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "சினையாட்ட வுட்டுட்டியே!"

அத்தையின் கை மாருக்குப் போகும் வழியில் அப்படியே நின்றது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கஞ்சிக் கறையோடு கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அடப் பாவி!" என்றது அத்தை. "உயிரோட குந்திக்கினா கேட்டுனு இருந்த?"

வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தது பாருங்கள்! டைபாய்டில் படுத்தவர் கட்டிலைச் சுற்றி இரண்டு சுற்று ஓடினார். மூன்றாவது சுற்றில் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. கன்னத்தைத் தடவியது.

"இன்னாண்ணா இப்படி எளைச்சிப் போய்ட்ட?"

"நீ வந்து பாத்தாதானே" என்றார் நைனா.

சமாதானம் என்ற வார்த்தையே அன்றைக்கு யார் வாயிலும் வரவில்லை. மன்னிப்பும் இல்லை. அன்று பூராவும் இரண்டு பேரும் மூணாவது ஆட்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அது அண்ணன் கொடுத்தது இல்லை, அம்மா தனியாகக் கொடுத்தது என்று அத்தை. அம்மாவிடம் கொடுத்துக் கொடுக்கச் சொன்னதே நான்தான் என்று நைனா. அத்தை ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது, சண்டை முடியாததால்.

நடுவில் சாமியார், யாருக்கு மணி அடித்தது என்று விசாரித்துக்கொண்டே சைக்கிளில் வந்தார். பின்னாலேயே சிஸ்டரும் ஓட்டமாக வந்தார். அழுது அழுது முகமெல்லாம் சிவந்திருந்தது. "எங்க ஊர்ல யாராவது செத்தா பேப்பர்ல போடுவாங்கய்யா. இப்படி அடிச்சா சாவு மணின்னு எனக்குத் தெரியலையே" என்று நைனா முன்னால் கையைக் கூப்பினார்.

நைனா பதறிப் போனார். "அழாதீங்க சிஸ்டர். ஒரு வருசமா சாமியாரு சொல்லி நடக்காதத நீங்க மணி அடிச்சி நடத்திட்டீங்க. நான் நெஜமா போறப்பவும் நீங்களே அடிங்க. கோயில்பிள்ளைய வுட நல்லா அடிக்கிறீங்க."

மறுநாளே புது இடத்தில் தண்டவாளத் துண்டைக் கட்டிவிட்டோம்.

எனக்கு ஒரு விஷயம் இன்னும் ஆறவில்லை. கோயில்பிள்ளை சிஸ்டரிடம் சாவு மணி பற்றிச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். நைனாவும் அத்தையும் ஒருத்தரை ஒருத்தர் என்ன நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அதுவும் தெரிந்த விஷயம்தானே என்றுதான். நம் வீடுகளில் எத்தனை விஷயம் இப்படித் 'தெரிந்ததுதானே' என்று கிடக்கிறது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நைனாவைக் கட்டிப் பிடிக்க எனக்கு ஒரு சாவு மணி வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. முந்தின நாளே நைனா யாரிடமும் சொல்லாமல் ஒரு சட்டியில் சிமெண்டு குழைத்துக்கொண்டு போயிருக்கிறார். சிலுவையில் தன் பேரையே பூசி மறைத்துவிட்டு, ஈரத்தில் ஆணியால் 'பிள்ளைகள்' என்று கீறி வைத்திருந்தார். எழுத்து கோணல். எழுதிப் பழக்கமில்லாத கை. அத்தை குனிந்து படித்துவிட்டு, "இப்ப யாரு பேரும் இல்லாத பண்ணிட்டியே" என்றது. ஆனால் இந்தத் தடவை உட்கார்ந்தது நைனாவின் பக்கத்தில். லேசாகத் தூறல் வேறு. அத்தை தன் குடையை அண்ணன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தது, தான் நனைந்துகொண்டு.

பக்கத்துக் கல்லறையிலிருந்து யாரோ வம்புக்கு இழுத்தார்கள். "இன்னா லூர்தம்மா, உங்கண்ணன் நெஜமா போறப்ப இன்னா பாடுவ?"

"இன்னாத்தப் பாடறது? இருந்ததெல்லாம்தான் பாடித் தீத்துட்டேனே. இனிமே அண்ணனுக்கு ஒப்பாரி கெடையாது" என்றது அத்தை.

நைனா அணைந்துபோன மெழுகுவத்தியை மறுபடியும் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்.

"ஒப்பாரி இல்லாத எப்படிடி போறது? போ, நான் சாவறதா இல்ல."

எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குக் குறைச்சலே இல்லை. இந்த ஒரு பிடிவாதத்தை மட்டும் மாதா நிறைவேற்றிக் கொடுக்கட்டும்!